மாமல்லபுரம் கடற்கரை ரிசார்ட்டில் குடும்பத்தோடு இரண்டு நாள்: முதல் தடவை போகிறவர்களுக்கு

முதல் தடவை நாங்கள் சென்னையை ஒட்டிய ஈசிஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) ஒரு ரிசார்ட்டுக்குப் போனபோது பகல் பன்னிரண்டரைக்கே போய் இறங்கிவிட்டோம். அறை இரண்டு மணிக்குத்தான் என்றார்கள். சின்னவளுக்கு அப்போது நான்கு வயது. மாமியாருக்குச் சர்க்கரை, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போனால் கை நடுங்கும். எங்கள் பேக்கேஜில் காலை டிபன் மட்டும்தான் சேர்த்தி என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. பஃபேவுக்குப் பெரியவர்களுக்கு இவ்வளவு, பிள்ளைகளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொன்னார்கள். பசியோடு நிற்கும் குடும்பத்தை வைத்துக்கொண்டு என்ன யோசிக்க முடியும்? கொடுத்தோம். சின்னவள் சாப்பிட்டது ஒரு கரண்டி தயிர்ச்சாதமும் ஓர் அப்பளமும்.

அதற்கப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவையாவது மாமல்லபுரம், கோவளம் பக்கம் போய்த் தங்கிவருகிறோம். போகப்போக ஒன்று தெளிவானது. கடற்கரையில் தங்கும்போது வருகிற மனஸ்தாபமும் எதிர்பாராத செலவும் பெரும்பாலும் சாப்பாட்டு வேளையில்தான் வருகின்றன. யார், எப்போது, எங்கே, என்ன சாப்பிடுவது என்பதை வீட்டிலேயே பேசி முடித்துவிட்டால் மீதி நேரம் முழுக்கக் கடலுக்குத்தான். அதனால் இந்த வழிகாட்டியையும் சாப்பாட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

புக் செய்வதற்கு முன்

முதலில் நாள். வெள்ளி, சனி இரவுகளுக்கு வாடகை ஏறியிருக்கும். ஞாயிறு இரவிலிருந்து வியாழன் வரை இறங்கும். பள்ளி லீவும் ஆபீஸ் லீவும் ஒத்துவந்தால் ஞாயிறு மதியம் போய்ச் செவ்வாய் கிளம்புவது நல்லது. ஊரே திரும்பிக்கொண்டிருக்கும் நேரத்தில் நீங்கள் எதிர்த்திசையில் போவீர்கள், சாலையும் காலியாக இருக்கும். இதில் ஒரு குறையும் உண்டு. வார நாளில் ஆள் குறைவாக இருந்தால் சில இடங்களில் பஃபே போட மாட்டார்கள். மெனுவைக் கொடுத்து ஆர்டர் செய்யச் சொல்வார்கள், அல்லது அளவுச் சாப்பாடு மாதிரி ஒரு செட் கொடுப்பார்கள். "நாங்கள் வரும் தேதியில் பஃபே உண்டா?" என்று முன்கூட்டியே போன் போட்டுக் கேளுங்கள்.

அடுத்தது சாப்பாட்டுத் திட்டம். புக்கிங் தாளில் ஈபி, சிபி, எம்ஏபி, ஏபி என்று எழுத்துகள் இருக்கும். ஈபி என்றால் அறை மட்டும். சிபி என்றால் அறையோடு காலை டிபன். எம்ஏபி என்றால் காலை டிபனும் மதியம், இரவு இரண்டில் ஒரு வேளையும். ஏபி என்றால் மூன்று வேளையும். சின்னக் குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் குடும்பத்துக்கு எம்ஏபி எடுத்து, அந்த ஒரு வேளையை இரவுச் சாப்பாடாக வைத்துக்கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. பகலில் வெளியே போகலாம், வழியில் சாப்பிடலாம். கடலில் ஆடிவிட்டுக் குளித்து முடித்த பிள்ளைகளை இரவு எட்டு மணிக்குக் காரில் ஏற்றிக்கொண்டு ஓட்டல் தேடுவதுதான் முடியாத காரியம். ஏபி எடுத்தால் மதியச் சாப்பாட்டுக்காகவே திரும்பி ஓடிவர வேண்டியிருக்கும், இல்லாவிட்டால் கட்டின பணம் வீண்.

பிள்ளைகளின் வயதைச் சரியாகச் சொல்லுங்கள். இத்தனை வயது வரை இலவசம், அதற்கு மேல் பாதி, பன்னிரண்டுக்கு மேல் முழுத்தொகை என்று ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. "குழந்தை இலவசம்" என்றால் தங்குவது மட்டும் இலவசமா, சாப்பாடும் சேர்த்தா என்று கேட்டு வாட்ஸப்பிலோ மெயிலிலோ பதில் வாங்கி வையுங்கள். வாய்வார்த்தை வரவேற்பறையில் செல்லாது.

வரியையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. இந்த எல்லை பெரிய வித்தியாசம் செய்யும். 7,000 ரூபாய் அறை வரியோடு 7,350 ஆகிறது; 8,000 ரூபாய் அறை 9,440 ஆகிறது. வாடகையில் ஆயிரம்தான் கூடுதல், கையிலிருந்து போவது 2,090. இரண்டு அறை, இரண்டு இரவு என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள். வாடகை 7,500-ஐத் தாண்டும் ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களிலும் சாப்பாட்டுக்கு 18 சதவீத வரி வரலாம். வெளியே சாதாரண ஓட்டலில் 5 சதவீதம்தான்.

எந்த மாதம் போவது என்பதும் சாப்பாட்டோடு சம்பந்தப்பட்டதுதான், அதை மீன் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன். வானிலைக்கு ஜனவரி, பிப்ரவரி அருமை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வாடகை குறையும், கடல் கொந்தளிக்கும், புயலும் வரலாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தை ஒட்டித்தான் கரையைக் கடந்தது. மழை மாதத்தில் புக் செய்தால் ரத்து செய்தால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதைப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள்.

மூட்டை கட்டும்போது

தங்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் ஆதாரோ வேறு அடையாள அட்டையோ கேட்பார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள உறவினர் கூட வந்தால் அவர்களுடைய பாஸ்போர்ட் கட்டாயம். விவரம் பதிய வேண்டியது ஓட்டலின் பொறுப்பு என்பதால் அது இல்லாமல் அறை தர மாட்டார்கள்.

நீச்சல் குளத்துக்கு நைலான் உடை வேண்டும். பருத்தி டீசர்ட், சுடிதார், புடவையோடு பெரும்பாலான இடங்களில் இறங்க விடுவதில்லை. உடம்பு மூடின மாதிரி வேண்டுமென்றால் முழுக்கை, முழுக்கால் வைத்த நீச்சல் உடை தி.நகரிலேயே கிடைக்கிறது. அங்கே போய் வாங்கினால் விலையும் கூட, அளவும் இருக்காது.

சாப்பாட்டுக்கென்று நான் ஒரு துணிப்பை தனியாக வைப்பேன். இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று காரின் பின்னால். ஓட்டலில் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்பது பற்றிச் சண்டை போட்டுப் பயனில்லை. ஓட்டலும் உணவகமும் அப்படி விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே 2017-இல் சொல்லிவிட்டது. அப்புறம் பருப்புப்பொடி, சின்ன பாட்டிலில் நல்லெண்ணெய், ஊறுகாய், முறுக்கு, வாழைப்பழம், பிள்ளைகளின் தட்டும் கரண்டியும். வெளிச்சாப்பாடு கூடாது என்று போர்டு வைத்திருக்கும் இடத்திலும் குழந்தை உணவையும் நோயாளிகளுக்கான உணவையும் சொல்லிவிட்டுக் கொண்டுபோனால் யாரும் தடுத்ததில்லை. அறைக் கெட்டிலில் பால் காய்ச்சாதீர்கள். அடிப்பிடித்துவிடும், அபராதமும் போடலாம். பால் வேண்டுமென்றால் சமையலறையில் கேளுங்கள்.

மருந்துகள், குறிப்பாக இன்சுலின், கையோடு இருக்கட்டும், டிக்கியில் வைக்காதீர்கள். அறையில் சின்ன பிரிட்ஜ் உண்டா என்று முதலிலேயே கேளுங்கள். பெரிய ஆஸ்பத்திரி என்றால் கேளம்பாக்கத்துக்கோ செங்கல்பட்டுக்கோ போக வேண்டும். ஆம்புலன்ஸ் 108.

போய்ச் சேரும் நாள்

மதியச் சாப்பாட்டை வழியிலேயே முடித்துவிடுங்கள். இந்த ஒன்றை மட்டும் கடைப்பிடித்தாலே எங்களுக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது. வீட்டிலிருந்து புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல் கட்டிக்கொண்டு போகலாம். சாலையோர ஓட்டலிலும் சாப்பிடலாம். முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ராவில் காலையை ஓட்டிவிட்டு அங்கேயே சாப்பிடுவது எங்கள் வழக்கம். பழைய வீடுகளின் திண்ணையில் பிள்ளைகள் ஓடி விளையாட, பெரியவர்கள் நிழலில் உட்காரலாம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, மறந்துவிடாதீர்கள்.

சனிக்கிழமைதான் போக முடியும் என்றால் காலை எட்டு மணிக்குள் திருவான்மியூரைத் தாண்டிவிடுங்கள். ஈசிஆர் அடைத்துக்கொண்டால் ஓஎம்ஆர் (பழைய மாமல்லபுரம் சாலை) வழியாகக் கேளம்பாக்கம் போய்க் கோவளத்துக்குத் திரும்பலாம். தெற்கேயிருந்து ரயிலில் வருகிறவர்கள் எழும்பூர் வரை போய்த் திரும்பி வர வேண்டாம். செங்கல்பட்டில் இறங்கினால் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்தான்.

அறைச் சாவி வாங்கும்போதே நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள். காலை டிபன் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை? இரவுச் சாப்பாடு எப்போது தொடங்கும்? நீச்சல் குளம் எப்போது மூடும்? கடற்கரை வாசல் எப்போது பூட்டப்படும்? பதிலை வீட்டு வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டால் மாற்றி மாற்றிக் கேட்க மாட்டார்கள். முட்டி வலி உள்ளவர்கள் இருந்தால் கடல் தெரியும் அறையைவிட உணவகத்துக்குப் பக்கத்து அறையைக் கேளுங்கள். மாமனார் ஒரு தடவை டிபனுக்கு ஒரு நடை, காபிக்கு ஒரு நடை என்று மணல் பாதையில் நடந்தே களைத்துப்போனார். கடலை நாம் நடந்துபோயும் பார்த்துக்கொள்ளலாம், பெரியவர்களின் கால் அப்படியில்லை.

பஃபேயில்

இரவுச் சாப்பாடு பெரும்பாலும் ஏழரை, எட்டுக்குத்தான் தொடங்குகிறது. நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்த குழந்தை ஏழு மணிக்கே தூங்கி விழும். சாயங்காலம் ஐந்து மணிக்கே உணவகத்துக்குப் போய், "பிள்ளைக்கு ஆறரைக்கு நாலு இட்லி, கொஞ்சம் தயிர்ச்சாதம் வேணும், காரம் வேண்டாம்" என்று சொல்லிவையுங்கள். தலைமைச் சமையல்காரரிடம் நேரிலேயே சொன்னால் இன்னும் நல்லது. இதற்குத் தனிப் பணம் கேட்டதே இல்லை. சர்க்கரைக்காரர்களுக்கும் இப்படியே செய்யலாம். கேட்கக் கூச்சப்படாதீர்கள். காலையில் மீந்த இட்லி மாவு அந்தச் சமையலறையில் எப்போதும் இருக்கும்.

தட்டை எடுப்பதற்கு முன் ஒரு சுற்று சும்மா நடந்து எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். காலையில் தோசைக் கல் முன்னால்தான் வரிசை நிற்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் ஒரு மசால் தோசைக்கு இருபது நிமிஷம் நிற்க வேண்டிவரும். ஏழரைக்குப் போனால் மாஸ்டர் உங்களுக்கென்றே ஊற்றுவார். பெரியவள் அங்கே போய் நின்றுகொண்டு, "அண்ணா, எழுத்து தோசை" என்பாள். அவர் கரண்டியில் மாவைச் சன்னமாக ஒழுகவிட்டு அவள் பெயரின் முதல் எழுத்தைக் கல்லில் எழுதி, ஓரம் சிவந்ததும் உடையாமல் எடுத்துத் தட்டில் வைப்பார். வீட்டில் ஒரு தோசையோடு எழுந்துவிடுகிறவள் அங்கே மூன்று சாப்பிடுவாள்.

கடற்காற்றில் பூரி, அப்பளம், சிப்ஸ் எல்லாம் ஐந்து நிமிஷத்தில் நமுத்துப்போகும். வெளியே உட்காருவதென்றால் அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குங்கள். காக்கைகள் இன்னொரு தொல்லை. யாராவது ஒருவர் மேசையிலேயே இருக்க வேண்டும். எல்லோரும் எழுந்து போனால் திரும்பிவரும்போது தட்டில் முட்டையும் இருக்காது, கிண்ணத்தில் சர்க்கரைப் பொட்டலமும் இருக்காது.

வெயில் காலத்தில் மதியத்துக்கு மேல் வைத்திருக்கும் மயோனைஸ் சாலட், வெட்டிவைத்த பழம், ஆறிப்போன இறால் மூன்றையும் பிள்ளைகளுக்குத் தருவதில்லை. சூடாக ஆவி பறப்பதும் கண்முன் போடுவதும் போதும். வயிற்றுப்போக்கு வந்தால் கரைத்துக் குடிக்கும் ஓஆர்எஸ் உப்புப் பொட்டலம் நான்கைந்து பையில் இருக்கட்டும்.

மீன்

இந்தக் கரைக்கு வந்து மீன் சாப்பிடாமல் போகக் கூடாது என்பது என் கட்சி. சில விஷயம் தெரிந்துகொண்டு கேட்டால் நல்ல மீன் நியாயமான விலைக்குக் கிடைக்கும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். மீன் குஞ்சு பொரித்துப் பெருகுவதற்காக ஒவ்வொரு வருஷமும் வருவது. நம் பள்ளிகளுக்கு லீவு விடுவதும் சரியாக அதே நேரத்தில்தான்! மே மாதம் வந்து வஞ்சிரம் கேட்டால் ஐஸில் பல நாள் இருந்து வேறு ஊரிலிருந்து வந்த துண்டு கிடைக்கலாம், விலையும் எகிறியிருக்கும். அந்த மாதங்களில் ஃபைபர் படகும் கட்டுமரமும் கரையோரத்தில் பிடித்து வருவதைக் கேளுங்கள். "இன்னைக்குக் காலையில என்ன வந்துச்சு?" என்று கேட்டால் போதும். நெத்திலி, கிழங்கான், சங்கரா, நண்டு என்று அன்றைக்கு வந்ததைச் சொல்வார்கள். நெத்திலி வறுவலும் சூடான ரசச் சாதமும் இருந்தால் வஞ்சிரம் ஞாபகமே வராது.

மெனுவில் முழு மீனுக்கு எதிரே விலை போடாமல் "அளவைப் பொறுத்து" என்று போட்டிருந்தால், சமைப்பதற்கு முன் மீனைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். கண் துருத்திக்கொண்டு பளபளவென்று இருக்க வேண்டும். செவுளைத் தூக்கினால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும், பழுப்பானால் வேண்டாம். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை எழும்ப வேண்டும். அப்புறம் தராசில் வைக்கச் சொல்லி, எடையையும் மொத்த விலையையும் கேட்டுக்கொண்டு, அதன்பிறகு சரி சொல்லுங்கள். ஒரு தடவை நாங்கள் கேட்காமல் விட்ட சங்கரா, பில்லில் மற்ற எல்லாச் சாப்பாட்டின் தொகையைவிடக் கூடுதலாக வந்து நின்றது.

ரிசார்ட்டுக்கு வெளியே போக ஆசையென்றால் மாமல்லபுரத்தில் ஒத்தவாடைத் தெருவிலும் அதையொட்டியும் மீன் வறுத்துத் தரும் உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. மீனை வெளியே பரப்பி வைத்திருப்பார்கள், பார்த்துத் தேர்ந்தெடுக்கலாம், விலையும் பேசலாம். பிள்ளைகளுக்கு மசாலா தனியாக, மிளகாய்த்தூள் குறைத்து என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்பு இறாலோ நண்டோ சாப்பிட்டுப் பழகாத குழந்தைக்கு முதல் தடவையாக அங்கே கொடுக்க வேண்டாம். ஒவ்வாமை வந்தால் இரவு நேரத்தில் ஆஸ்பத்திரி தூரம்.

கடலில்

இந்த விஷயத்தில் நான் கறார். மாமல்லபுரம் கடல் நீந்துவதற்கான கடல் கிடையாது. கரை சட்டென்று சரிந்து ஆழமாகும், இழுப்பு பலமாக இருக்கும், ஒவ்வொரு வருஷமும் உயிர்ப்பலி செய்தி வருகிறது. கணுக்கால் நனைய நிற்கலாம், அதற்கு மேல் போகக் கூடாது.

கணுக்கால் ஆழத்திலும் பிள்ளையின் கையை விடாதீர்கள். அலை திரும்பும்போது பாருங்கள், குதிகாலுக்கு அடியில் மணல் கரகரவென்று நழுவி இரண்டு பக்கமும் குழி பறித்துக்கொண்டு போகும். பெரியவர்களுக்கே கால் தடுமாறும். மூன்று வயதுக் குழந்தை அப்படியே உட்கார்ந்துவிடும், அடுத்த அலை அதன் முகத்தில் அடிக்கும்.

அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும் இடங்களுக்கு நடுவே ஒரு பட்டை மட்டும் அமைதியாக, கொஞ்சம் கலங்கலாக, நுரையைக் கடலுக்குள் கொண்டுபோவது மாதிரி தெரிந்தால் அங்கேதான் இழுப்பு இருக்கிறது. பார்க்க அமைதியாக இருப்பதாலேயே ஆட்கள் அங்கே இறங்குகிறார்கள். யாராவது மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக் கூடாது. கையை உயர்த்திக் கூப்பிட்டு, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். கரையில் நிற்பவர் பின்னால் குதிக்காமல் கயிறு, மிதவை, வெறும் தண்ணீர் கேன் எதையாவது எறிய வேண்டும். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் எண் 1093.

கரை ஒதுங்கிய சொறிமீனை (ஜெல்லி மீனை)ப் பிள்ளைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், செத்ததும் கொட்டும். பட்டுவிட்டால் மணல் போட்டுத் தேய்க்காமல், நல்ல தண்ணீர் ஊற்றாமல், கடல் தண்ணீராலேயே கழுவி டாக்டரிடம் காட்டுங்கள்.

நேரம் என்று பார்த்தால் விடியற்காலைதான். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும். ஜூன் மாதம் காலை 5.45-ஐ ஒட்டி, ஜனவரியில் 6.35-ஐ ஒட்டி. முந்தின இரவே பிள்ளைகளிடம் சொல்லிவைத்து, பிளாஸ்கில் சூடான பாலோடு போய் உட்காருங்கள். சாயங்காலம் நான்கரைக்கு மேல் வெயில் நமக்குப் பின்னால் போய்விடும், மணல் வீடு கட்ட அந்த நேரம் தோது. ஜனவரி முதல் மார்ச் வரை கடலாமைகள் முட்டையிட இரவில் இந்தக் கரைக்கு வருகின்றன. அப்போது மணலில் டார்ச் அடிக்கவோ குப்பை போடவோ வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

நீச்சல் குளத்தில் இறங்குமுன் உடம்பு மணலைக் கழுவ வேண்டும். உயிர்காப்பாளர் நின்றாலும் நம் வீட்டுப் பெரியவர் ஒருவர் போனைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். அரைமணிக்கு ஒரு ஆள் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊர் பார்க்க

கடற்கரைக் கோயிலும் ஐந்து ரதங்களும் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும். பதினைந்து வயதுக்குட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. டிபனுக்கு முன்பே போய்விடுங்கள். ஒன்பதரைக்கு மேல் பாறை சுட ஆரம்பித்தால் பிள்ளைகளுக்குச் சிற்பம் கண்ணில் படாது. ஏழு மணிக்குக் கோயில், எட்டரைக்கு ரதம், ஒன்பதேகாலுக்குத் திரும்பி வந்து டிபன். டிபன் பத்தரை வரை இருக்கும் இடத்தில் இது நிம்மதியாக நடக்கும்.

கிளம்பும் நாள்

காலை பதினோரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பில்லை முந்தின இரவே அச்சடித்து வாங்கிப் பாருங்கள். காலையில் வரவேற்பறையில் கூட்டம். பேக்கேஜில் சேர்ந்த சாப்பாட்டைத் தனியாகப் போட்டிருக்கிறார்களா, அறைக்கு வரவழைத்த காபிக்கு எவ்வளவு, குடிக்காத மினிபார் குளிர்பானம் ஏறியிருக்கிறதா என்று ஒவ்வொரு வரியாகப் பாருங்கள். சர்வீஸ் சார்ஜ் என்று ஒரு தொகை போட்டிருந்தால் அது கட்டாயம் இல்லை; எடுத்துவிடச் சொன்னால் எடுத்தாக வேண்டும். அந்தப் பணத்தை எழுத்து தோசை ஊற்றிய மாஸ்டர் கையிலும் அறையைச் சுத்தம் செய்த அக்கா கையிலும் நேராகக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஈரத்துணிக்குத் தனியாக ஒரு பெரிய பிளாஸ்டிக் பை வைத்திருங்கள். மணல் ஒட்டிய செருப்பையும் பொம்மை வாளியையும் குழாயடியில் அலசிவிட்டு ஏறுங்கள். பதினோரு மணிக்குக் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குள் வீடு வந்துவிடலாம். மே மாதமென்றால் வழியில் பனை ஓலைப் பந்தல் போட்டு நுங்கு வெட்டுகிறவர்கள் இருப்பார்கள். இளசாகப் பார்த்து ஒரு டஜன் வாங்கிக் காரிலேயே கொடுங்கள், வீடு வரும்வரை பின்சீட்டில் சத்தம் இருக்காது.